ஒரு பெயரின் மூலம்

அயர்லாந்தில் குழந்தை பிறந்தால் மூன்று மாதத்துக்குள் போய்ப் பதிவு செய்தாக வேண்டும். டப்ளினில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது. பெயர்தான் வந்து சேரவில்லை. அப்பா பிடித்த முயலுக்கு மூன்றே கால். பாட்டி பிடித்த முயலுக்குக் காலே கிடையாது. நடுவில் அந்தப் பிஞ்சு, பெயர் இல்லாமலேயே நாளொரு மேனியாக வளர்ந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை தேநீருக்குக் கூப்பிட்டார்கள். கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே விஷயம் புரிந்துவிட்டது: தேநீர் ஒரு சாக்கு, உள்ளே நடப்பது பஞ்சாயத்து. வெளியாள் ஒருவர் உட்கார்ந்திருந்தால் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள் என்பது அந்த வீட்டு மருமகள் போட்ட கணக்கு. சோஃபாவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் அவர் இருந்தார். கணவர் சரித்திர ஆசிரியர். கணவரின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறார். பாட்டி தேநீர்க் கெண்டியைக் கையிலிருந்து இறக்கவே இல்லை. கோப்பையில் ஒரு மிடறு குறைந்தாலும் ஊற்றிவிடுவார், 'போதும்' என்ற சொல் அவர் காதில் ஏறாது. தாத்தா கடைசியாக வந்தார். கையோடு கொண்டுவந்த குஷனை மர நாற்காலியில் போட்டு, அதைத் தட்டிச் சரிசெய்து, பார்த்துப் பார்த்து உட்கார்ந்து, செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துபோனார்.

பாட்டியின் கட்சி எளிமையானது. அந்த ஊரில் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் வைப்பது பழைய வழக்கம். தாத்தாவின் பெயர் மைக்கேல். ஆகவே பையன் மைக்கேல். இதில் பேச என்ன இருக்கிறது?

"இந்தத் தெருவில் நின்று மைக்கேல் என்று கூப்பிட்டால் பாதிக் கதவுகள் திறக்கும்" என்றார் மகன்.

"நல்ல பெயர் என்பதற்கு அதுதான் அத்தாட்சி" என்றார் பாட்டி.

மகன் வைக்க விரும்பிய பெயர் ஃபீயக்ரா. பழைய ஐரிஷ் பெயர். அண்டங்காக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று அவர் பெருமையாகச் சொன்னார். பாட்டி குழந்தையைப் பார்த்தார். சிவந்த கன்னம், பொன் நிறத்தில் நாலு முடி. "காக்கையா?" என்று மட்டும் கேட்டார்.

அயர்லாந்தின் மத்தியப் புள்ளிவிவர அலுவலகம் 1964 முதலான குழந்தைப் பெயர்களின் கணக்கை இணையத்தில் வைத்திருக்கிறது. ஒரு பெயரைத் தட்டினால் ஆண்டுக்கு ஆண்டு அது ஏறியதும் இறங்கியதும் கோடாக விரியும். சரித்திர ஆசிரியர் அதை மடிக்கணினியில் திறந்து வைத்தே வாதாடினார். அறுபதுகளில் ஜானும் பேட்ரிக்கும் மைக்கேலும் கோலோச்சினார்கள். 2007 முதல் 2023 வரை, 2016இல் ஜேம்ஸ் ஒரே ஒரு தடவை முந்தியதைத் தவிர, எல்லா ஆண்டும் ஜாக்தான் முதலிடம். ஓஷீன், கிலியன், ஃபின் போன்ற பழைய ஐரிஷ் பெயர்களும் இப்போது முன்வரிசைக்கு வந்துவிட்டன. ஃபீயக்ரா மட்டும் பட்டியலில் இருக்கிறதே தவிர, கூட்டத்தில் பின்னால்தான் நிற்கிறது. ஏன் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து பாஸ்டனிலிருந்து அத்தை காணொளி அழைப்பில் வந்தார். எழுத்துக்கூட்டி அனுப்பியிருந்த பெயரை "ஃபயாச்சரா?" என்று படித்தார். திருத்தினார்கள். "ஃபியாக்?" என்றார். மறுபடி திருத்தினார்கள். "குழந்தை அழகாக இருக்கிறான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எல்லா வீட்டிலும் பாஸ்டனில் ஒருவர், சிட்னியில் ஒருவர் என்று சிதறிக் கிடக்கும் நாடு அது. வெளிநாட்டு அத்தையின் வாயில் நுழையாத பெயருக்குக் கிராக்கி குறைவதில் ஆச்சரியமில்லை. இத்தனைக்கும் அதன் நடுவில் வரும் ஒலி நமக்குப் புதிதல்ல. 'பகல்' என்பதில் வரும் க-வை இன்னும் கொஞ்சம் தொண்டையிலிருந்து எடுத்தால் போதும். நான் சொல்லிக் காட்டியதும் சரித்திர ஆசிரியர், "பார்த்தீர்களா, இந்தியாக்காரரே சொல்கிறார்!" என்று என்னைத் தம் கட்சியில் சேர்த்துவிட்டார். பாட்டி அதுவரை நிரப்பிக்கொண்டிருந்த என் கோப்பையைத் தாண்டிப் போனார்.

தம்பிக்கு வேறு கவலை. "பள்ளிக்கூடத்தில் பையன்கள் என்ன பாடு படுத்துவார்கள், யோசித்தாயா? 1998இல் சந்தைக்கு வந்ததே ஒரு நீல மாத்திரை, அதன் பெயரை இதன் பக்கத்தில் எழுதிப் பார்." அறை ஒரு கணம் எழுதிப் பார்த்தது. மருமகள் வாயைப் பொத்திக்கொண்டார். பாட்டி, "எந்த மாத்திரை?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. செய்தித்தாள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

சரித்திர ஆசிரியர் அசரவில்லை. லிர் மன்னனின் பிள்ளைகள் கதையை எடுத்தார். அங்கே அது தெரியாத குழந்தையே கிடையாது. லிருக்கு ஃபினூலா என்ற மகள், ஏ என்ற மகன், அப்புறம் இரட்டையர்: ஃபீயக்ரா, கொன். தாய் இறந்தபின் சித்தியாக வந்த ஈஃபா பொறாமையில் நால்வரையும் டெரவாரா ஏரியில் அன்னங்களாக மாற்றிவிடுகிறாள். மூன்று நீர்நிலைகளில் முந்நூறு முந்நூறாகத் தொள்ளாயிரம் ஆண்டு. குரல் மட்டும் மனிதக் குரலாகவே இருக்க, பாடிக்கொண்டே திரிகிறார்கள். டப்ளினில் பார்னெல் சதுக்கத்து நினைவுப் பூங்காவில் நிற்கும் பெரிய வெண்கலச் சிலை இந்தக் கதைதான். ஓஷீன் கெல்லி செய்தது.

"சரி, அதில் ஃபீயக்ரா என்ன செய்தான்?" என்றார் பாட்டி.

நியாயமான கேள்வி. புயலில் தம்பிகளைக் கூட்டி வைத்துக் காப்பாற்றுகிறவள் ஃபினூலா. ஃபீயக்ரா அக்காவின் சிறகுக்கு அடியில் ஒண்டிக்கொண்டிருந்தான். தொள்ளாயிரம் ஆண்டும் அதுதான் அவனுடைய வேலை.

"பெண் பிறந்திருந்தால் ஃபினூலா என்று வைத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பாட்டி என் கேசரியை ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

அடுத்து அரசர்கள் வந்தார்கள். ஒன்பது பணயக் கைதிகளின் நியல் என்று பெயர் வாங்கிய பேரரசனுக்கு ஃபீயக்ரா என்றொரு சகோதரன் உண்டு என்றும், கொனாக்ட் பகுதியை ஆண்ட ஒரு பெரிய குலமே அவன் பெயரைச் சொல்லிக்கொண்டது என்றும் சொற்பொழிவு நடந்தது. அவன் மகன் ஆல்ப்ஸ் மலை வரை படையெடுத்துப் போய் இடி விழுந்து செத்தானாம். இதை வெற்றிக் கதையாகச் சொல்ல ஒரு சரித்திர ஆசிரியரால்தான் முடியும். குழந்தை கொட்டாவி விட்டது.

கடைசி அஸ்திரம், புனிதர். பூசை தவறாத பாட்டியை மடக்க இதைத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். புனித ஃபீயக்ரா ஏழாம் நூற்றாண்டுத் துறவி. கில்கென்னிப் பக்கம் நோர் ஆற்றங்கரையில் தனித்திருந்து தவம் செய்தவர். அவர் பெயரில் அங்கே ஒரு புனிதக் கிணறும் உண்டு. பிறகு கடல் தாண்டிப் பிரான்ஸில் மோ நகருக்குப் போனார். அங்கே பிஷப் ஃபாரோ, "ஒரு பகலில் எவ்வளவு நிலத்தைச் சுற்றிப் பள்ளம் எடுக்கிறாயோ அவ்வளவும் உனக்கு" என்றார். இவர் கையிலிருந்த கோலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்தார். கோல் போன வழியெல்லாம் மண் பிளந்தது, மரங்கள் தாமாகச் சாய்ந்தன. அங்கே தோட்டம் போட்டு, காய்கறியும் மூலிகையும் வளர்த்து, வந்த ஏழைகளுக்குச் சோறு போட்டார். அதனால்தான் சிலைகளில் கையில் மண்வெட்டியோடு நிற்கிறார். தோட்டக்காரர்களுக்குக் காவல் தெய்வம். கில்டேரில் தேசியக் குதிரைப் பண்ணையை ஒட்டி 1999இல் அவர் பெயரில் ஒரு தோட்டமே திறந்தார்கள்.

பாட்டியின் கெண்டி மேசைக்கு இறங்கியது. புனிதர் என்றால் விஷயம் வேறு.

"இன்னும் இருக்கிறது" என்று ஆசிரியர் கைப்பேசியைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் நிக்கோலா சொவாஜ் என்பவர் குதிரை வண்டிகளை வாடகைக்கு விட்டார். வண்டிகள் நின்ற இடம் புனித ஃபியாக்ர் பெயர் கொண்ட விடுதி. மக்கள் வண்டியையே ஃபியாக்ர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வியன்னாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடும் குதிரை வண்டிக்கு இன்றைக்கும் அந்தப் பெயர்தான். ஆக அவர் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் காவலர்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். "யார், நம் டாக்ஸிக்கா? ஐரிஷ்காரரா?" மாத்திரையை அந்த நொடியே மறந்துவிட்டார். "எனக்குச் சம்மதம்" என்று கையைத் தூக்கினார். ஓட்டுப் போட அவரை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

"தோட்டக்காரர்கள், வாடகை வண்டிக்காரர்கள், அப்புறம்..." என்று படித்துக்கொண்டே போன ஆசிரியர் சட்டென்று நின்றார்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

பாட்டி கையை நீட்டினார். கைப்பேசி கைமாறியது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, ஞாயிறு பூசையில் வாசகம் படிக்கும் அதே நிதானக் குரலில் எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். புனிதர் தோட்டம் போட்டபோது ஒரு பெண் அவரைச் சூனியக்காரன் என்று பிஷப்பிடம் கோள் சொன்னாள். மனம் நொந்து அவர் ஒரு கல்மேல் உட்கார்ந்தார். கல் மெத்தைபோல் குழைந்து அவருடைய இருக்கையின் தடத்தை அப்படியே ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அந்த உறுப்பில் வரும் நோய் எதுவானாலும் அவர் இலாகா. பிரெஞ்சுக்காரர்கள் மூலநோய்க்கே புனித ஃபியாக்ர் நோய் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது இதற்குத்தானோ என்று நினைத்துக்கொண்டேன். அதை அந்த அறையில் யாருக்கு விளக்குவது? கேசரித் தட்டைக் குனிந்து பார்த்தபடி சிரிப்பை விழுங்கினேன்.

"மாத்திரையில் ஆரம்பித்துக் களிம்பில் முடிகிறது" என்றார் மருமகள்.

பாட்டி விடவில்லை. கோள் சொன்ன பெண்ணால் அவர் தோட்டத்துக்குள் பெண்கள் வரக் கூடாது என்று தடை வந்ததையும் படித்தார். பிரெஞ்சு அரசி ஆன் கூட வாசலுக்கு வெளியே நின்றே ஜெபித்தாராம். இங்கிலாந்து மன்னன் ஐந்தாம் ஹென்றியின் வீரர்கள் அவருடைய மடத்தைச் சூறையாட, மன்னன் 1422 ஆகஸ்ட் 31 அன்று, புனிதரின் திருநாளுக்கு மறுநாள், வயிற்றுப்போக்கில் இறந்தான். அது புனிதர் கொடுத்த அடி என்று பேச்சு. இங்கிலாந்து மன்னனுக்கு நேர்ந்ததைப் படித்தபோது மட்டும் பாட்டியின் குரலில் சின்ன இனிப்பு.

"ஆக, பெண்களை உள்ளே விடாத, மூலத்துக்கான சாமியின் பெயரை என் பேரனுக்கு வைக்கப் போகிறாய்" என்று கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார். வழக்கு முடிந்தது என்றே நானும் நினைத்தேன்.

அப்போது செய்தித்தாள் மடிந்தது. தாத்தா கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தக் கல் இன்னும் இருக்கிறதா?"

மகன் அவசரமாகத் தேடிப் பார்த்தார். மோ நகரை ஒட்டிப் புனிதரின் பெயரிலேயே இருக்கும் கிராமத்துத் தேவாலயத்தில் இருக்கிறதாம். முன்பெல்லாம் யாத்திரிகர்கள் அதில் உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம். எலும்புகள் மோ பேராலயத்தில்.

"இப்போதும் உட்கார விடுகிறார்களா?"

"மைக்கேல்!" என்றார் பாட்டி.

தாத்தா மிக மெதுவாக எழுந்தார். குஷனை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டார். என்னையும் சேர்த்து எல்லார் கண்ணும் அந்தக் குஷன்மேல்தான். "என் பெயரை வைத்துக்கொண்டு நான் இத்தனை வருஷமாக என்ன கண்டேன்?" என்று கேட்டுவிட்டு, குழந்தையின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டு, "ஃபீயக்ரா" என்றார். ஒலி சுத்தமாக, தொண்டையிலிருந்து வந்தது.

கெடுவுக்குள் பதிவாகிவிட்டது: ஃபீயக்ரா மைக்கேல். பாட்டி இரண்டாவது பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார். கூப்பிட்டால் தாத்தாவும் திரும்பிப் பார்க்கிறார். சித்தப்பா தம் டாக்ஸியின் முன்கண்ணாடி ஓரத்தில் மண்வெட்டிச் சாமியை ஒட்டியிருக்கிறார். ஏறுகிறவர்கள் யார் அது என்று கேட்டால் வண்டிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறாராம். தாத்தா ஆகஸ்ட் 30க்குப் பாரிஸ் டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கிறார். பேரன் பெயரால் ஒரு நேர்த்திக்கடன் இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறார்.