மவுத் ஆர்கன்ல ஸ்கேல் பழகுறது மூச்சுக்குத்தான்

மவுத் ஆர்கன் வாசிக்கிற நிறைய பேர் ஸ்கேல்னு (ஸ ரி க ம மாதிரி ஸ்வர வரிசை) சொன்னாலே நகர்ந்துடுறாங்க, காதால கேட்டு ரெண்டு பாட்டு பிடிச்சுட்டா போதும், ஸ்கேல் எல்லாம் கீபோர்டு கிடார்காரங்க சமாச்சாரம்னு ஒரு நெனப்பு. என்னைக் கேட்டா மத்த வாத்தியத்தை விட இதுக்குத்தான் ஸ்கேல் ரொம்ப தேவை. கீபோர்டுல விரல் எங்க இருக்குன்னு கண்ணால பாத்துக்கலாம். இதுல பாக்கறதுக்கு ஒண்ணுமே கிடையாது, நாக்கு, உதடு, தொண்டை, மூச்சு எல்லாமே உள்ளுக்குள்ள நடக்குற வேலை, அது தானா வர்ற வரைக்கும் ஒரே பாதையில திரும்பத் திரும்ப போய்த்தான் ஆகணும்.

நான் இங்க பேசறது 10 ஓட்டை இருக்கிற டயடானிக் (ஒரு கீயோட ஸ்வரங்களை மட்டும் வச்சு செஞ்ச வகை), C கீ, அதாவது C தான் ஸ. நடு ஆக்டேவ் (ஒரு ஸ-லேர்ந்து அடுத்த ஸ வரைக்கும்) இப்படி வரும், எண் ஓட்டையோடது: 4 ஊது, 4 இழு, 5 ஊது, 5 இழு, 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது. ஸ ரி க ம ப த நி ஸ (எழுத்துல C D E F G A B C), சங்கராபரணம் முழுசா கைக்கு வந்தாச்சு. அஞ்சாறு தடவை வாசிச்சா யாருக்கும் வந்துடும், ஆனா சுத்தமா வருதான்னு கேட்டா பெரும்பாலும் 6லேர்ந்து 7க்கு போற இடத்துல தட்டும். அது வரைக்கும் ஊது-இழு, ஊது-இழுன்னு போயிட்டிருந்தது அங்க மட்டும் இழு-இழுன்னு ரெண்டு தடவை வந்து அப்புறம் ஊதுன்னு மாறுது. ஏன் இப்படி வச்சிருக்காங்கன்னா, ஊதுற பக்கம் ஸ, க, ப மூணு ஸ்வரம்தான் திரும்பத் திரும்ப வருது, மிச்சம் இருக்கிற ரி, ம, த, நி நாலும் இழுக்கிற பக்கம் உக்காரணும். மூணு ஓட்டைக்குள்ள நாலு ஸ்வரம் எப்படி அடங்கும், அதனால இழுக்கிற வரிசை ஒரு ஓட்டை தள்ளிப் போயிடுது, 7லேர்ந்து மேல எல்லா ஓட்டையிலயும் இழுக்கிற சத்தம் ஊதுற சத்தத்தை விட கீழ இருக்கும். இது புரிஞ்சா பாதி குழப்பம் போயிடும்.

இதுக்கு முழு ஸ்கேலையும் வாசிச்சுட்டே இருக்கறதுல பிரயோஜனம் ரொம்ப கம்மி. 6 ஊது, 6 இழு, 7 இழு, 7 ஊது, இந்த நாலை மட்டும் எடுத்து மேலயும் கீழயும் போங்க, மெட்ரோனோம் (தாளம் தட்டுற கருவி) நிமிஷத்துக்கு 60 தட்டுல வச்சு, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம். 6 இழுக்கும் 7 இழுக்கும் நடுவுல மூச்சை நிறுத்தவே கூடாது, இழுத்த இழுப்புலயே ஆர்கன் மட்டும் லேசா நகரணும், தலை ஆடக் கூடாது. இது நல்லா படிஞ்சப்புறம் முழு ஸ்கேல் வாசிச்சு பாருங்க, வித்தியாசம் உங்க காதுக்கே தெரியும்.

அடுத்து எனக்கு ரொம்ப பிடிச்ச ஒண்ணு, ஒரு ஸ்வரம் விட்டு ஒரு ஸ்வரம் போறது. ஸக, ரிம, கப, மத, பநி, தஸ. இதை மவுத் ஆர்கன்ல வாசிச்சா ஒரு அழகான விஷயம் வெளிய வரும், முதல் நாலு ஜோடியில ஒவ்வொண்ணும் ஒரே மூச்சுல அடங்கும், ஸக ரெண்டும் ஊது, ரிம ரெண்டும் இழு, கப ஊது, மத இழு. அதாவது மூச்சு மாறாம பக்கத்து ஓட்டைக்கு போற பழக்கம் இது. பநி வந்ததும் கதை மாறிடுது, 6 ஊதுலேர்ந்து 7 இழுக்கு ஓட்டையும் மாறணும் மூச்சும் மாறணும், தஸவும் அப்படித்தான். அந்த ரெண்டு ஜோடியும் மத்ததோட அதே வேகத்துல, அதே அழுத்தத்துல வந்துச்சுன்னா உங்க டெக்னிக் நல்லா ஏறியிருக்குன்னு தைரியமா சொல்லலாம்.

ஜண்டை வரிசை மாதிரி ஸஸ ரிரி கக மமன்னும் வாசிக்கலாம், ஆனா அது வேற வேலைக்கு. ஒரே ஸ்வரத்தை ரெண்டு தடவை சொல்லும்போது மூச்சை விட்டு விட்டு வாசிச்சா சத்தம் திக்கித் திக்கி வரும், மூச்சு ஒரே சீரா போயிட்டிருக்க நாக்கால "தத" "தத"ன்னு வெட்டணும்.

மூச்சு பத்தி சொல்லியே ஆகணும். கன்னத்தை உப்பிக்கிட்டு வாயால மட்டும் ஊதறதை எங்க பாத்தாலும் பாக்கலாம், அப்படி வாசிச்சா சத்தம் கனமே இல்லாமதான் இருக்கும். வயித்துலேர்ந்து மூச்சு வரணும், தொண்டை நல்லா திறந்து இருக்கணும், கொட்டாவி விடும்போது தொண்டை எப்படி இருக்குமோ அப்படி. மூக்கு வழியா காத்து கசியாம பாத்துக்கணும், சந்தேகமா இருந்தா மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஸ்வரம் வாசிச்சு பாருங்க, சத்தம் சட்டுனு பெருசானா அது வரைக்கும் காத்து மூக்கு வழியா போயிட்டிருந்ததுன்னு அர்த்தம். அப்புறம் இன்னொண்ணு, பலமா வாசிக்கணும்னு அவசியம் இல்ல. ரீட் (உள்ள அதிர்ந்து சத்தம் தர்ற சின்ன தகடு) ரொம்ப சின்னது, அதுக்கு வேண்டிய காத்தும் கொஞ்சம்தான். எவ்வளவு மெல்லிசா வாசிச்சா ஸ்வரம் இன்னும் தெளிவா கேக்குதோ அந்த அளவுல முழு ஸ்கேலும் வாசிச்சு பழகுறது மூச்சுக் கட்டுப்பாட்டுக்கு ரொம்ப நல்லது.

புதுசா வாங்கினவங்க அடிக்கடி கேக்கறது "2 இழுத்தா சத்தமே வரல, ரீட் போச்சா?"ன்னு. பெரும்பாலும் ரீட் நல்லாத்தான் இருக்கும். வாய்க்குள்ள இடம் குறுகி, நாக்கு பின்னாடி போய், தெரியாமலே அந்த ஸ்வரத்தை பெண்ட் பண்ண (வளைச்சு கீழ இறக்க) பாக்கறாங்க, அதான் அடைச்ச மாதிரி கேக்குது. தாடையைத் தளர்த்தி 1, 2, 3 மூணையும் சேர்த்து இழுங்க, மூணு ஸ்வரமும் சேர்ந்து நல்லா கார்டா வரும், அப்படியே உதட்டை மெதுவா குவிச்சு 2 மட்டும் மிஞ்சற வரைக்கும் வாங்க, வாய்க்குள்ள எதையும் மாத்தாம.

பெண்டிங் வந்துடுச்சுன்னு சொல்றவங்களுக்கும் ஸ்கேல்தான் உண்மையான பரீட்சை. கீழ் ஆக்டேவ்ல ம, த ரெண்டும் நேரடியா கிடையாது, பெண்ட் பண்ணித்தான் எடுக்கணும்: 1 ஊது, 1 இழு, 2 ஊது, 2 இழுத்து முழுசா பெண்ட், 3 ஊது, 3 இழுத்து ஒரு முழு டோன் பெண்ட், 3 இழு, 4 ஊது. இதுல 3வது ஓட்டைதான் படுத்தும். ஒரு ஓட்டைக்குள்ள ஊதுற ரீட், இழுக்கிற ரீட் ரெண்டும் இருக்கு, பெண்ட் பண்ணும்போது மேல் ஸ்வரம் கீழ் ஸ்வரத்தை நோக்கி இறங்கும், ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி இருக்கோ அவ்வளவுதான் இறங்க முடியும். 2ல இடைவெளி G லேர்ந்து E, அதனால அரை டோன் அரை டோனா ரெண்டு படி கிடைக்குது, F அடிமட்டத்துல இருக்கு, கீழ வரைக்கும் போனா அங்க வந்து நின்னுடும். 3ல B லேர்ந்து G, மூணு படி கிடைக்குது, நமக்கு வேணுங்கிற A நடுவுல இருக்கு, கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் அபஸ்வரம். 5ல F, E பக்கத்து பக்கத்துலயே இருக்கறதால அங்க பெண்டுக்கு இடமே இல்ல, அதுல முட்டி மோதி ரீட்டைக் கெடுக்க வேண்டாம்.

சுருதி காட்டுற டியூனர் ஆப் ஒண்ணை முன்னாடி வச்சுக்கிட்டு 3ல B, B ஃப்ளாட் (ஃப்ளாட்னா அரை டோன் கீழ), A, A ஃப்ளாட் நாலையும் தனித்தனியா நிறுத்திப் பழகுங்க. "ஈ"ன்னு ஆரம்பிச்சு "ஊ"ன்னு போற மாதிரி நாக்கை உள்ள நகர்த்தினா இறங்கும், பலமா இழுக்கறதால இல்ல. B லேர்ந்து வழுக்கிட்டு A க்கு வர்றது சுலபம், நேரா A மேலயே போய் உக்காரணும், அது வந்தாத்தான் அந்த ஸ்கேல் ஸ்கேலா கேக்கும். ஆப்பைப் பாத்து பழகினப்புறம் கண்ணை மூடி A எடுத்துட்டு அப்புறமா கண்ணைத் திறந்து முள்ளைப் பாருங்க, காது வளர்றது அங்கதான்.

ப்ளூஸ் பக்கம் ஆர்வம் இருக்கறவங்க C ஆர்கன்ல G ப்ளூஸ் ஸ்கேல் வாசிக்கணும், செகண்ட் பொசிஷன்னு சொல்றது இதைத்தான். 2 இழு, 3 இழுத்து அரை டோன் பெண்ட், 4 ஊது, 4 இழுத்து பெண்ட், 4 இழு, 5 இழு, 6 ஊது. எண்ணிப் பாத்தா ஏழுல அஞ்சு இழுக்கற ஸ்வரம், கொஞ்ச நேரத்துலயே நெஞ்சு நிறைஞ்சு மூச்சு முட்டும். அதனால 4 ஊது, 6 ஊது வரும்போதெல்லாம் உள்ள இருக்கிற காத்தை நல்லா வெளிய தள்ளிடணும், இடைவெளி கிடைச்சா மூக்கு வழியாவும் விட்டுக்கலாம். அமெரிக்க ப்ளூஸ் மவுத் ஆர்கன் கலைஞர் லிட்டில் வால்டர் வாசிச்சதைக் கேட்டா இந்த பொசிஷன்ல என்னென்ன பண்ணலாம்னு புரியும்.

மேல் ஆக்டேவை நிறைய பேர் தொடறதே இல்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். 7 ஊது, 8 இழு, 8 ஊது, 9 இழு, 9 ஊது, 10 இழு, அதுக்கு மேல நி இல்ல, 10 ஊதிக்கிட்டே அரை டோன் பெண்ட் பண்ணித்தான் எடுக்கணும், அப்புறம் 10 ஊது. C ஆர்கன்ல அந்த ரீட் ரொம்ப குட்டி, பெண்ட் சட்டுனு பிடிபடாது. G இல்லன்னா A கீ ஆர்கன் கையில இருந்தா முதல்ல அதுல 8, 9 ஊது பெண்டைப் பிடிங்க, சுருதி தாழ்ந்திருக்கறதால நாக்குக்கு இடம் கிடைக்கும், அதுல நல்லா வந்தப்புறம் 10க்கு போங்க, அதுக்கும் அப்புறம் C ஆர்கனை எடுத்துக்கலாம்.