ஏழாம் மாதமும் ஹார்பர் லைனும்

மும்பை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில், செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை நசுங்கிக்கொண்டு போன நாட்கள் முடிந்தன. கர்ப்பிணிகளும் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் ஏறலாம் என்று பக்கத்து வீட்டு ஆஜி (மராத்திப் பாட்டி) சொல்லித்தான் எனக்குத் தெரியும்!

பகலைச் சமாளித்துவிடுகிறேன். ராத்திரிதான் தொல்லை. தூக்கத்தில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும். "ஏங்க!" என்று அலறுவேன். அவர் எழுந்து முழங்காலை நீட்டிவைத்து, பாதத்தை முகம் பார்க்க மடக்கிப் பிடிப்பார். கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். (இப்போதெல்லாம் கண்ணைத் திறக்காமலே பிடிக்கிறார்.)

அப்புறம் நெஞ்செரிச்சல். காரக்குழம்பின் மேல்தான் பழி போட்டிருந்தேன். ஹார்மோனால் இரைப்பையின் மேல்வாய் தளர்ந்துவிடுகிறது, வளரும் கருப்பையும் கீழிருந்து அழுத்துகிறது, அதனால் அமிலம் மேலேறுகிறது என்றார் டாக்டரம்மா. இப்போது ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கே, அதுவும் கொஞ்சமாக. படுப்பது இடப்பக்கம், தலைமாட்டை உயர்த்தி. அம்மாவோ போனில், "பிள்ளைக்கு முடி நிறைய இருக்கும், அதான் எரியுது" என்கிறாள். சரி, இருக்கட்டும்.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கியதற்கு வாங்கிய திட்டு தனிக்கதை. டீ அந்தச் சத்தை உடம்பில் சேர விடாதாம்.

சாயங்காலக் கால்வீக்கத்துக்குக் காலைத் தூக்கி வைத்தால் போதும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முகம் திடீரென வீங்கினாலோ, விடாத தலைவலியும் கண் மங்கலும் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுங்கள்.