இரவு ஷிஃப்டும் என் வயிறும்

செப்டம்பர் 30, செவ்வாய்

ஷிஃப்ட் முடிந்து நேராக கிளினிக். டாக்டர் மூச்சுப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இரைப்பையில் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறதா என்று பார்க்கவேண்டுமாம். அதற்கு முன் இரண்டு வாரம் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மாத்திரையைத் தொடக்கூடாது. மாத்திரை கிருமியை அடக்கி வைத்து, இருப்பதையே இல்லை என்று காட்டிவிடும். பரிசோதனை அக்டோபர் 14. அதுவரை சாப்பாட்டை வைத்துத்தான் சமாளிக்கவேண்டும்.

எனக்கு இருப்பது இந்த ஊரில் வீட்டுக்கு ஒருவர் சொல்லும் அதே கேஸ்ட்ரிக்தான். மேல்வயிறு எரியும், புளித்த ஏப்பம் வரும். காரத்தைக் குறையுங்கள் என்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "கடைசியா எத்தனை மணிக்குச் சாப்பிடுறீங்க, எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?" காலை ஏழரைக்கு ரோட்டி சானாய், எட்டரைக்குப் படுக்கை என்றேன். பினாங்கு, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் ஏழிலிருந்து ஏழு வரை. எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மலம் கறுப்பாகப் போகிறதா, எடை குறைகிறதா, விழுங்கும்போது அடைக்கிறதா என்றும் கேட்டார். இதில் ஒன்று இருந்தாலும் குழாய் விட்டு வயிற்றுக்குள் பார்க்கும் எண்டோஸ்கோப்பி பார்க்கச் சொல்லியிருப்பார். நல்லவேளை, எதுவும் இல்லை.

அக்டோபர் 2, வியாழன்

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) வரும் வயிற்று அறிவுரை எல்லாமே பகலில் வேலை பார்ப்பவர்களுக்கு எழுதியது. "இரவு எட்டு மணிக்குள் சாப்பாட்டை முடியுங்கள்." நான் எட்டு மணிக்கு மெஷின் பக்கத்தில் நிற்கிறேன், ஐயா.

கடிகாரத்தை விட்டுவிட்டு, படுக்கையிலிருந்து பின்னால் எண்ண வேண்டியதுதான். சாப்பிட்டது இரைப்பையை விட்டு இறங்க இரண்டு மணியிலிருந்து நாலு மணி நேரம் வரை ஆகும். எண்ணெயும் நெய்யும் கூடினால் இன்னும் தாமதம். வயிறு நிறைந்திருக்கும்போதே படுத்தால் அமிலம் மேலே ஏறுகிறது. மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டால், எட்டரைக்குப் படுக்கிற எனக்கு ஐந்தரை மணிதான் கடைசி. எங்களுக்கு விடியற்காலை நாலரைக்கு ஓர் இடைவேளை உண்டு. இதுவரை அந்த நேரத்தில் ஒரு கோப்பியோடு சரி.

இப்போது செய்வது: மாலை ஐந்தே முக்காலுக்கு வீட்டிலேயே முழுச் சாப்பாடு. நடு இரவு ஒரு மணிக்கு வரும் இடைவேளையில் அதில் பாதி. நாலரைக்கு இரண்டு இட்லி, ஒரு பீசாங் பெராங்கான் வாழைப்பழம். ஏழு மணிக்குக் கடைப்பக்கம் போகாமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு வீடு. இரண்டு வாய் வெந்நீர், படுக்கை. தலைமாட்டில் கட்டில் காலுக்கு மரக்கட்டை வைத்து உயர்த்தித் தந்தார் என் வீட்டுக்காரர். தலையணையை அடுக்கினால் கழுத்துதான் மடங்குமாம், மேல் உடம்பே உயரவேண்டும்.

அக்டோபர் 4, சனி

மூன்றாம் புரட்டாசிச் சனி. எங்கள் பகுதியில் பாதிப்பேர் சைவம். "ஒரு மாசம் வயித்துக்கு ஓய்வு" என்று எல்லாரும் சொல்வார்கள். கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் சைவ ஒட்டுக்கடையில் நின்று பார்த்தேன். பொரித்த மீ ஹூன், மாவில் முக்கிப் பொரித்த சைவ மீன், சோயாக் கோழி பெரட்டல், மேலே எண்ணெய் மிதக்கும் சம்பல். கீரை ஓர் ஓரத்தில் வாடிக்கிடந்தது. அதை யாரும் தொடவில்லை. இதை இரவு பதினொரு மணிக்குத் தப்பாவ் (பார்சல்) பண்ணிக்கொண்டு போய்ச் சாப்பிட்டால் வயிற்றுக்கு என்ன ஓய்வு? விரதம் சாமிக்கு, அதில் எனக்கு மறுப்பில்லை. வயிற்றின் பேரைச் சொல்லவேண்டாம் என்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 7, செவ்வாய்

இந்த வாரம் பகல் ஷிஃப்ட். எரிச்சல் நன்றாகக் குறைந்திருக்கிறது. நேற்று மட்டும் வெறும் வயிற்றில் கோப்பி குடித்ததும் பழையபடி.

அம்மாவுக்கு முட்டிவலி. பசியாறுவதற்கு முன்பே வலி மாத்திரையைப் போட்டுவிடுகிறார். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் படலத்தையே மெலியவைத்துப் புண்ணாக்கும். சாப்பிட்டபின் போட்டாலும் அந்த ஆபத்து முழுதாகப் போகாது, அதுவும் வயதானவர்களுக்கு. "நான் முப்பது வருஷமா மிளகாய் தின்றவ, ஒரு மாத்திரை என்ன பண்ணும்?" என்கிறார். மிளகாய் எரிச்சலைக் கூட்டும், புண்ணை உண்டாக்காது. மாத்திரை உண்டாக்கும். அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அக்டோபர் 9, வியாழன்

வேலைக்கு லீவு. ஜெலுத்தோங் சந்தையில் மலாய்க்கார மக்சிக் ஒருவர் வல்லாரையைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார். அவர்கள் ‘பெகாகா’ என்று உலாமாகப் பச்சையாகவே தின்பது. கட்டு இரண்டு வெள்ளி. தண்டு இளசாக, இலையின் அடிப்பக்கம் மண் ஒட்டியிருந்தது. மூன்று தண்ணீரில் அலசினேன், மூன்றாவதிலும் மணல் இறங்கியது. பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், எலுமிச்சை. சோற்றைவிட அதுதான் தட்டில் அதிகம்.

சுகாதார அமைச்சின் ‘சுகு சுகு செபாரு’ தட்டும் அதைத்தான் சொல்கிறது. கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும் என்பது இங்குள்ள பரிந்துரை. ஆனால் கீரையே தொடாதவர்கள் ஒரே நாளில் பாதித் தட்டுக்குத் தாவினால் வயிறு உப்பிக்கொள்ளும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரையும் சேர்த்துக் குடிக்கவேண்டும்.

அம்மா மோர் கரைத்துக் கொடுத்தார். தோசை மாவும் புளித்ததுதானே என்றேன். ஆனால் கல்லில் சுட்டால் புளிக்கவைக்கும் அந்த நல்ல கிருமிகள் செத்துவிடும், மோரிலும் பழைய சோற்றிலும் உயிரோடு இருக்கும்.

அக்டோபர் 12, ஞாயிறு

வீட்டுக்காரர் நாசி கண்டார் வாங்கி வந்தார், குவா பஞ்சிர், அதாவது குழம்பு வெள்ளமாக ஊற்றியது. வீடு முழுக்க வாசனை. நான் ரசம் சோறு. வேறு ஒன்றும் எழுதுவதற்கில்லை.

அக்டோபர் 14, செவ்வாய்

ஆறு மணி நேரம் வெறும் வயிறு. முதலில் ஒரு பையில் ஊதினேன். அப்புறம் அடையாளமிட்ட கார்பன் உள்ள யூரியா கலந்த தண்ணீர் குடித்து, அரை மணி நேரம் உட்கார்ந்து, மறுபடி ஊதினேன். கிருமி இருந்தால் யூரியாவை உடைத்து கார்பன் டை ஆக்சைடாக்கும், அந்த அடையாளம் மூச்சில் தெரிந்துவிடும். 1982இல் ஆஸ்திரேலியாவில் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த வாரனும் மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றவர்கள். வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி காரணம் என்பதை மற்றவர்கள் நம்பாததால் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார்! எனக்கு யூரியாத் தண்ணீருக்கே முகம் கோணியது.

அக்டோபர் 17, வெள்ளி

கிருமி இருக்கிறது. அம்மா நம்பவில்லை, "மோர் குடிச்சு நல்லாத்தானே இருந்தே" என்கிறார். நன்றாகத்தான் இருந்தேன். நேரத்துக்குச் சாப்பிட்டதால் எரிச்சல் அடங்கியது, கிருமியைக் கொல்வது மோரின் வேலை இல்லை. மலேசியாவில் இது மலாய்க்காரர்களிடம் குறைவு, நம்மவர்களிடமும் சீனர்களிடமும் அதிகம் என்றார் டாக்டர். ரொம்ப நாள் எரிச்சல் உள்ள நம் ஆட்கள் மாத்திரை வாங்கியே காலம் தள்ளாமல் ஒருமுறை ஊதிப் பார்க்கலாம்.

மருந்து: கிருமியைக் கொல்ல அமோக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின், கூட ஒமெப்ரசோல். காலையும் மாலையும், 14 நாள். நன்றாக ஆகிவிட்டது என்று நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. கிளாரித்ரோமைசின் வாயில் ஓர் இரும்புக் கசப்பை விட்டுப்போகிறது. முறுக்கும் கசக்கிறது, நெய் உருண்டையும் கசக்கிறது. திறந்த இல்ல உபசரிப்புக்குப் போன வீடுகளில் எல்லாம் ஒரு துண்டோடு எழுந்துவிட்டேன். "ஏன் பிள்ளை, டயட்டா?" என்றார் ஓர் அத்தை. இல்லை அத்தை, மருந்து என்றேன்.

நாளையிலிருந்து இரவு ஷிஃப்ட். நாலரைக்கு இட்லி இருக்கிறது. மருந்து முடிந்து நாலு வாரமாவது ஆனபின் மறுபடி ஊதவேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் தேதி வாங்கிவிட்டேன், அம்மாவுக்கும் சேர்த்து.