பூட்டிய வீட்டுப் பூனைகள்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் கூடிக்கொண்டே போகின்றன. பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் பிரான்சிலும் இருக்கிறார்கள். தனித்திருக்கும் தாய் தகப்பனை ஒருநாள் வந்து அழைத்துப் போய்விடுகிறார்கள். வளவைக் கூட்ட ஆள் பிடிப்பார்கள், மாமரத்துக்குத் தண்ணீர் விட ஒழுங்கு செய்வார்கள், கட்டில் அலுமாரிகளைச் சொந்தக்காரருக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பூனையைப் பற்றி மட்டும் பேச்சே எழாது. கேட்டால், "அது எங்கேயாவது பிழைத்துக்கொள்ளும்" என்பார்கள். வருடக்கணக்காக ஒருவர் கையால் சோறு தின்ற பூனை, தெருநாய்களுக்கும் வாகனங்களுக்கும் ஊர்க் கடுவன் பூனைகளுக்கும் நடுவில் திடீரென்று எப்படிப் பிழைக்கும்?

சுந்தரி அப்படித் தனித்துப் போனவள். ஒழுங்கை முடிவில் இருந்த ஓய்வுபெற்ற ரீச்சரின் பூனை. சாம்பல் நிறம், உடம்பெல்லாம் கறுப்பு வரி, நெற்றியில் திருநீற்றுக் குறிபோல மூன்று கோடுகள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு போட்ட நாட்களில் ரீச்சரின் கிணற்றடியில் வந்து நின்ற குட்டி. எவரும் படலையைத் தாண்ட முடியாத அந்தக் காலத்தில் ரீச்சருக்கு அவளே பேச்சுத்துணை. பிறகு முழங்கால் வருத்தம் கூடி, தனியாகக் குளிக்கவே பயப்படும் நிலை வந்தபோது மகள் வந்து ரொறன்ரோவுக்குக் கூட்டிப் போனார். ரீச்சரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் படலையில் நின்று அழுததைப் பார்த்தவள் நான். பூனைக்குச் சாப்பாடு வைக்க ஒருவரிடம் காசும் கொடுத்திருந்தார். அந்த ஏற்பாடு கொஞ்ச நாளிலேயே நின்றுவிட்டது.

சுந்தரி அந்த வீட்டு விறாந்தையை விட்டு அசையவில்லை. பூட்டிய கதவுக்கு நேரே படுத்திருந்தாள். மெலிந்து முதுகெலும்பு தெரியத் தொடங்கியது.

போய்க் கூட்டிவரச் சொன்னது அம்மாதான். அதற்குக் காரணம் இருக்கிறது. யுத்த காலம். 1995 ஒக்டோபர் 30 அன்று எங்கள் ஊர் அடங்கிய வலிகாமப் பகுதியை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அன்றிரவு மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க முடியாமல் சனம் நெருக்கியடித்து நின்றது. குழந்தையாக இருந்த என்னைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட்ட அம்மா, புறப்படுமுன் சோற்றுப் பானையை அடுப்படி நிலத்தில் இறக்கி வைத்து, மூடியை எடுத்துவிட்டு, கதவையும் திறந்தபடி விட்டு வந்திருக்கிறார். வீட்டுப் பூனைக்காக. அடுத்த வருடம் தென்மராட்சியிலிருந்து திரும்பியபோது பானை கிடந்தது, பூனை இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பூனை வளர்த்ததில்லை.

"அன்றைக்கு விட்டுவிட்டு வர ஒரு காரணம் இருந்தது பிள்ளை. இன்றைக்கு எங்களுக்கு என்ன காரணம்?" என்றார் அம்மா.

எங்கள் எண்ணம் அவளைத் தேற்றி நல்ல இடத்தில் சேர்ப்பதுதான். அம்மாவுக்கு இப்போது மூச்சிழுப்பு இருப்பதால் நிரந்தரமாக வைத்திருக்க முடியாது. இப்படி இடைக்காலமாக ஒரு பூனையை வைத்துப் பார்க்க எத்தனையோ வீடுகளில் இடமுண்டு. தேவைப்படுவது ஓர் அறை மட்டுமே. எங்கள் சாமான் அறையை ஒதுக்கினோம். ஒரு மூலையில் பழைய பேசினில் மணல், மறுமூலையில் தண்ணீர், நடுவில் ஒளிந்துகொள்ளக் கவிழ்த்த அட்டைப்பெட்டி. ரீச்சர் வீட்டுத் திறப்பு வைத்திருந்தவரிடம் கேட்டு, ரீச்சர் உடுத்திய ஒரு நூல் சேலையை வாங்கிப் பெட்டிக்குள் விரித்தேன். பூனைக்கு ஒரு வீடு என்றால் முதலில் அதன் வாசனை.

அவள் சாப்பிட மறுத்ததுதான் பெரிய பயம். பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று மிருக வைத்தியர் எச்சரித்தார். சூடை மீனை உப்பில்லாமல் அவித்து, முள் நீக்கி, அந்த அவித்த தண்ணீரை இளஞ்சூட்டோடு விரலில் தொட்டு அவள் வாயருகே பிடித்தேன். முதலில் விரலை நக்கினாள். பிறகு தட்டுக்கு வந்தாள். அந்த நேரத்தில் எனக்கு வந்த ஆறுதலை எழுதத் தெரியவில்லை.

சாப்பாட்டைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் மிஞ்சிய குழம்புச் சோற்றைப் பூனைக்கு வைப்பது வழக்கம். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். காய்ச்சல் என்று பனடோல் (பரசிற்றமோல்) கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். பூனையைக் கொல்ல ஒரு குளிசை போதும்.

பழைய வீடு கூப்பிடு தூரத்தில் இருந்ததால் அவளை ஒரு மாதத்துக்கு மேல் வெளியே விடவில்லை. விட்டால் நேரே அந்த விறாந்தைக்குத்தான் போவாள். தடுப்பூசிகளை அதற்கிடையில் போட்டுக்கொண்டோம்.

வீடு தேடியது மிகக் கடினம். படம் போட்டதும் அழைப்புகள் வந்தன. "குட்டி இல்லையா?" "வெள்ளை இல்லையா?" "பெட்டையா? அது குட்டி போடுமே!" ரீச்சர் எப்போதோ கருத்தடை செய்துவிட்டார் என்று சொன்னாலும் பெட்டை என்றதும் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். எனக்கு இது விளங்கவே இல்லை. வளர்ந்த பூனையின் குணம் எடுக்கும்போதே தெரிந்துவிடும். கதிரையைக் கீறுமா, மடியில் ஏறுமா, சத்தத்துக்குப் பயப்படுமா என்று நானே சொல்லிவிடுவேன். நன்றாகப் பார்த்தால் பூனை பதினைந்து வருடமும் இருக்கும். சுந்தரிக்கு இன்னும் பாதி வாழ்வுக்கு மேல் மிச்சம்.

கடைசியில் இணுவிலிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்தார்கள். நிறத்தையோ வயதையோ கேட்கவில்லை. அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "எங்களுக்கு ஏதும் நடந்தால், இல்லை பிள்ளைகள் எங்களைக் கூட்டிப் போனால், நீங்கள் இவளைத் திரும்ப எடுப்பீர்களா?" எடுப்பேன் என்றேன். இந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடம் தயங்காமல் கொடுத்தேன். சேலையும் கூடவே போனது.

வெளிநாடு புறப்படுகிறவர்களுக்கு ஒரு செய்தி. பூனையைக் கூட்டிப் போகவே முடியாது என்று பலர் நினைத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட பூனை கனடாவுக்குள் செல்ல, விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிச் சான்றிதழ்தான் முக்கியம். அங்கே தனிமைப்படுத்தி வைப்பதில்லை. பிரித்தானியாவுக்கும் பிரான்சுக்கும் வேலை கூட. தோலுக்குள் சிப் வைக்க வேண்டும், தடுப்பூசிக்குப் பிறகு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அதன்பின் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். விசா அலுவல் தொடங்கும்போதே இதையும் தொடங்கினால் நேரம் போதும். விமானச் செலவு எல்லோராலும் முடியாது, அது உண்மை. முடியாதவர்கள் போவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே சொல்லுங்கள். நீங்கள் இருக்கும்போதே புதிய ஆட்கள் வந்து பழகினால் பூனைக்குப் பாதிப் பயம் குறையும்.

இப்போது ஆனைக்கோட்டையில் ஒரு கறுப்புக் கடுவன் இருக்கிறான். வீடு விலைப்பட்டுவிட்டது. வாங்கியவர்கள் மாத முடிவில் குடிவருகிறார்கள், பூனை வேண்டாம் என்றுவிட்டார்கள். சனிக்கிழமை போய்க் கூட்டிவருகிறேன். வயது நான்கு. கருத்தடை செய்தாகிவிட்டது. நாய்களோடு வளர்ந்தவன், பிள்ளைகளிடம் பொறுமையாக இருப்பான். கறுப்பு என்பதைப் பொருட்படுத்தாத ஒரு வீடு தேவை.