மோட்டார் சைக்கிளை விற்ற பையன்

கண் டாக்டர் அறையில் இன்று மகன் கடைசி வரியில் மாட்டிக்கொண்டான். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, குத்துமதிப்பாக ஏதோ எழுத்தைச் சொன்னான். தப்பு.

எனக்கு இந்திரலால் ராய் ஞாபகம் வந்துவிட்டார்.

கல்கத்தாவில் பிறந்து லண்டனில் படித்தவர். முதல் உலகப் போரில் பைலட்டாகச் சேரப் போனால், பார்வை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பையன் விடவில்லை. தன் மோட்டார் சைக்கிளை விற்றான். அந்தக் காசில் பெரிய கண் நிபுணர் ஒருவரைப் பார்த்து, முடிவையே மாற்ற வைத்தான்.

(‘ர்’ எப்போது ‘ன்’ ஆனது என்று கேட்காதீர்கள். அப்போது அவனுக்கு 18 வயது.)

1917 கடைசியில் விமானம் விழுந்து பலத்த அடி. ஆஸ்பத்திரிப் படுக்கையில் விமானங்களாக வரைந்து தள்ளினான். அப்புறம் மறுபடி பறந்தான். 1918 ஜூலையில் இரண்டே வாரத்தில் 10 எதிரி விமானங்கள். அந்தப் போரில் பிரிட்டிஷ் பைலட்டுகளுக்குப் பாராசூட்கூடக் கொடுக்கவில்லை.

ஜூலை 22, பிரான்ஸ் வானில் சுட்டு வீழ்த்தப்பட்டான். வயது 19.

‘பார்வை போதாது’ என்ற அந்த முதல் முடிவை அவன் அம்மா எத்தனை இரவு நினைத்துப் பார்த்திருப்பார்?

வெளியே வந்ததும் மகன் கேட்டான்: “கண்ணாடி போட்டாலும் பைக் ஓட்டலாம்தானேப்பா?”