தாத்தாவின் டைனமோ

"அப்பா, விளக்கு எரியும்போது மட்டும் சக்கரம் கனக்கிறது!"

இன்று மாலை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பழைய வீட்டுக் கொல்லையில் மகள் கத்தினாள். தாத்தாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள்.

விளக்கின் கம்பியைக் கழற்றினேன். சக்கரம் இலகுவாக ஓடியது.

மாட்டினேன். உடனே முரண்டு பிடித்தது.

பத்து முறையாவது சோதித்திருப்பாள். நானும் சுற்றிப் பார்த்தேன். உள்ளங்கையில் அந்தக் கனம் தெளிவாகத் தெரிகிறது.

சக்கரத்தோடு உரசிச் சுழன்று விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவுக்குள் இருப்பது ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும்தான். காந்தம் சும்மா நின்றால் மின்சாரம் இல்லை, சுழல வேண்டும். அப்படிப் பிறந்த மின்னோட்டம் தானும் காந்தமாகி, தன்னைப் பிறப்பித்த சுழற்சியையே எதிர்க்கிறது. 1834இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்ன விதி இது. என் மகள் அதைக் கனம் என்றாள்.

மின்னோட்டம் திசைகாட்டி முள்ளை அசைப்பதை 1820இல் டென்மார்க் அறிவியலாளர் ஓர்ஸ்டெட் கண்டார். காந்தத்தை அசைத்தால் மின்சாரம் வரும் என்று 1831இல் காட்டியவர் ஃபாரடே. கொல்லர் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். அவர்மீது எனக்குத் தனிப் பாசம்.

தாத்தாவும் அதிகம் படிக்காதவர். விடியுமுன் இருட்டில், பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்க, இந்தச் சைக்கிளில்தான் போவார். மேடு வந்தால் டைனமோவைச் சக்கரத்திலிருந்து விலக்கிவிட்டு, இருட்டிலேயே மிதிப்பாராம். பாட்டி சொல்வார்.

ஏன் என்று இன்று என் கைக்குப் புரிந்தது.