ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்

திருகோணமலையில் ஹோட்டல் வேலை என்றால் ஏப்ரல், மே தொடங்கி செப்டெம்பர் வரைக்கும்தான் ஓட்டம். அதற்குப் பிறகு வாடைக்காற்று எழும்பி, மழை பிடித்து, உப்புவெளி நிலாவெளிக் கரையெல்லாம் வெறிச்சோடிப் போய்விடும். அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் நன்றாக வேலை பழகிய பெடியன் இந்த வருடம் கட்டாரில் நிற்பான், அவனுடைய இடத்துக்கு வந்தவனுக்கு மேசை விரிப்பதிலிருந்து எல்லாம் புதிது. இங்கே சுப்பவைசராக இருக்கிற ஒருவருடைய முதல் வேலையே சொல்லிக் கொடுப்பதுதான் என்று நான் நினைக்கிறேன். கணக்கு, ரோஸ்டர், ஸ்டொக் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அந்தச் சொல்லிக் கொடுப்பதில் பெரும்பாலான இடங்களில் விடுபட்டுப் போகிற ஒன்றைப் பற்றித்தான் எழுத வந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறோம். ஏன் செய்ய வேண்டும் என்பது வழியிலேயே விழுந்துவிடுகிறது.

முன்பு நான் வேலை செய்த ஒரு ஹோட்டலில் நடந்தது இது. பின்னேரம் ஒரு குடும்பம் வந்து செக்-இன் பண்ணும்போதே, மகளுக்கு இறால் அலர்ஜி, கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும் என்று தாய் தெளிவாகச் சொல்லிவிட்டார். ப்ரொன்ட் ஒபிஸில் இருந்த தங்கச்சி அதை உடனே ரெஸ்டோரன்ட் கெப்டனுக்குச் சொன்னார். கெப்டன் அவசரத்தில், மேசைக்குப் பரிமாறுகிற ஸ்டுவர்ட் பெடியனைக் கூப்பிட்டு, "ஏழாம் மேசைக்கு இறால் போட வேண்டாம் எண்டு சொல்லு" என்றார். பெடியன் குசினிக்குப் போய் அப்படியே சொன்னான். குசினியில் நின்ற சமையல்காரர் மாத்தறைப் பக்கத்து அண்ணன், கை சுத்தமான, கவனமான மனிதர். பிள்ளைக்கு இறால் பிடிக்காதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, இறால் இல்லாமல் ஃப்ரைட் ரைஸ் போட்டு, பிள்ளை விரும்பிச் சாப்பிடட்டும் என்று கொஞ்சம் உருளைக்கிழங்கும் பொரித்து வைத்தார். பொரித்தது, சற்று முன்னர் வேறொரு மேசைக்கு இறால் பொரித்த அதே எண்ணெயில்.

தட்டு மேசைக்குப் போனதும் தாய் கேட்டார், இது தனி எண்ணெயா என்று. பெடியன் ஓடிப்போய்க் கேட்டு, ஓடி வந்து தட்டை எடுத்தான். பிள்ளை வாயில் வைக்கவில்லை. நல்ல காலம்.

இதில் யாரும் சோம்பேறித்தனம் பண்ணவில்லை, ஒவ்வொருவரும் தன் வேலையை உடனே செய்தார்கள். கெப்டனுக்கும் ஸ்டுவர்ட் பெடியனுக்கும் இடையில் "அலர்ஜி" என்கிற காரணம் மட்டும் கழன்று விழுந்துவிட்டது. அந்த ஒரு சொல் குசினிவரை போயிருந்தால் அந்த அண்ணன் எண்ணெயை மாற்றியிருப்பார், வெட்டுப் பலகையைக் கழுவியிருப்பார், கரண்டியைக்கூட வேறாக எடுத்திருப்பார். இதெல்லாம் ஒருவரும் அவருக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. காரணம் தெரிந்தவன் நாங்கள் சொல்ல மறந்ததையும் சேர்த்துச் செய்வான்.

என் மனத்தில் இன்றைக்கும் ஆறாமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். மெனேஜர் வந்தார், எல்லாருக்கும் முன்னால் அந்த ஸ்டுவர்ட் பெடியனைப் பிடித்துக் கத்தினார். அங்கே நின்றவர்களிலே வயது குறைந்தவன் அவன்தானே. அன்றோடு அவன் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டான். எதைச் சொன்னாலும் "சரி சேர்", அவ்வளவுதான். கொஞ்ச நாள் கழித்து ஒரு விடியற்காலை குசினிப் பின்பக்கம் கேஸ் மணத்திருக்கிறது. முதலில் வந்தவன் அவன். மூக்கில் ஏறியிருக்கிறது, ஆனால் வாய் திறக்கவில்லை. பெரிய ஆட்களுக்குத் தெரிந்திருக்கும்தானே, நான் சொல்லி ஏன் பேச்சு வாங்குவான் என்று நினைத்தேன் என்று பிறகு என்னிடம் சொன்னான். கிண்ணியாவிலிருந்து வருகிற நானா ஒருவர் வந்து ரெகுலேட்டரைப் பூட்டிய படியால் தப்பினோம். ஒரு பெடியனை நாலு பேருக்கு முன்னால் அவமானப்படுத்துவதற்கு என்ன விலை என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது.

எங்கள் ஊர்க்காரருக்குத் துறைமுகம் புதிதில்லை, சொன்னதைத் திருப்பிச் சொல்கிற பழக்கத்தை அங்கேயே பார்க்கலாம். போர்ட்டில் வேலை செய்த சொந்தக்காரர் ஒருவராவது எல்லா வீட்டிலும் இருப்பார். கப்பலை உள்ளே கொண்டுவரும்போது வழிகாட்டுகிற பைலட் "போர்ட் டென்" (சுக்கானை இடப்பக்கம் பத்துப் பாகை) என்றால் சுக்கான் பிடிப்பவர் அதே சொல்லைத் திருப்பிச் சொல்வார், சுக்கானைத் திருப்புவார், திரும்பி முடிந்ததும் இன்னொரு முறை சொல்வார். முப்பது வருடம் கடலில் இருந்தவரும் அப்படித்தான் சொல்வார், அதில் அவருக்கு ஒரு மானக்கேடும் இல்லை. ஒரே கப்பலில் பல நாட்டு, பல மொழி ஆட்கள் வேலை செய்வதால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001 இல் இதற்கென்றே பொதுவான ஆங்கிலச் சொற்றொடர்களைக்கூட வகுத்து வைத்தது.

ஆகாயத்தில் இந்தப் பாடம் பெரிய விலை கொடுத்துத்தான் வந்தது. 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டம். அனுமதி கிடைக்காமலே நெதர்லாந்தின் கேஎல்எம் விமானம் மேலெழும்ப ஓடத் தொடங்கியது, அமெரிக்காவின் பான் ஆம் விமானம் இன்னும் அதே ஓடுபாதையில்தான் இருந்தது. 583 பேர் இறந்தார்கள். கேஎல்எம் விமானத்தின் ஃப்ளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, மற்ற விமானம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டும் இருக்கிறார். கப்டன் அந்த நிறுவனத்திலேயே பெரிய ஆள், மற்ற விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பவர். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் வெறும் "ஓகே" என்று சொல்லித் தப்ப முடியாதபடி, கிடைத்த அனுமதியின் முக்கியமான பகுதிகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது இறுகியது. 1979 இல் நாசா நடத்திய ஒரு பட்டறையிலிருந்து இன்னொரு பயிற்சியும் வளர்ந்தது. கீழே இருப்பவர் துணிந்து சொல்லப் பழக வேண்டும், மேலே இருப்பவர் காது கொடுக்கப் பழக வேண்டும், இரண்டையும் சேர்த்துப் படிப்பித்தார்கள். நான் இதில் பிடித்துக்கொள்வது அந்த இரண்டாவதைத்தான். எங்கள் வேலைத்தளங்களில் "தைரியமாகக் கதையுங்கோ தம்பி" என்று சின்னவர்களுக்கு மட்டும்தான் புத்தி சொல்கிறோம்.

சரி, இப்போது நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். காலை பிரீஃபிங்கில் ஒரு விஷயத்தைச் சொன்னால் அதனுடைய காரணமும் அதே வாயில் வர வேண்டும். கேட்டவர் அதைத் தன் சொந்தச் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். "விளங்கினதா?" என்று நாங்கள் கேட்பதே இல்லை, அதற்கு ஓம் என்பதைத் தவிர வேறு பதில் இந்த ஊரில் வராது. "நான் ஒழுங்காச் சொன்னேனோ தெரியேல்ல, குசினியில போய் நீங்கள் எப்படிச் சொல்லப் போறீங்கள், ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்கிறோம். பாரம் சொன்னவர் தலையில் வந்துவிடுகிறது, கேட்டவருக்குப் பரீட்சை எழுதுகிற பயம் இல்லை. ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு மருந்தை விளக்கிவிட்டு இப்படித்தான் திருப்பிச் சொல்லக் கேட்கச் சொல்கிறார்கள்.

அப்புறம், கூட்டத்தில் வயதில் சின்னவர் முதலில் கதைப்பார், இன்சார்ஜ் கடைசியில். பெரியவர் ஒரு முடிவைச் சொன்ன பிறகு அதை மறுத்துப் பேசுகிற பழக்கம் எங்களுக்கு வீட்டிலேயே இல்லை. அது மரியாதை, அதைக் கோழைத்தனம் என்று சொல்ல நான் வரவில்லை. அந்த மரியாதை அப்படியே இருக்கட்டும், கதைக்கிற வரிசையை மட்டும் மாற்றினால் போதும். யாராவது பிழை விட்டால் கதை ஸ்டோர் ரூம் பக்கத்தில், தனியாக. என்ன நடந்தது, அதனால் என்ன வந்திருக்கும், அடுத்த முறை என்ன செய்வது, அதோடு சரி.

மொழி விஷயம் தனியாக எழுத வேண்டிய பெரிய கதை. தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எல்லாரும் ஒரே குசினிக் கதவால் வந்து போகிற இடம் இது. அரச சேவையில் 2007 இலிருந்து சேருபவர்கள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது, எங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. விதி இல்லாவிட்டாலும் படியுங்கள் தம்பிமாரே, தங்கச்சிமாரே. சிங்களத்தில் காரணம் சொல்லத் தெரிந்த ஸ்டுவர்ட் ஒருவனும், தமிழில் திருப்பிக் கேட்கத் தெரிந்த சமையல்காரர் ஒருவரும் இருந்தால் அந்த ஷிப்டில் நான் நிம்மதியாக நிற்பேன். அதுவரைக்கும் அலர்ஜி என்றால் குசினிச் சுவரில் இரண்டு மொழியிலும் எழுதிய சிவப்புத் துண்டு, பக்கத்தில் இறால் படம்.

இன்னும் சரிவராத ஒன்று, நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாத்தீவுக்குப் போகிற படகுகள். படகுக்காரர் எங்கள் ஆட்கள் இல்லை, பிரீஃபிங்குக்கு வரமாட்டார்கள், விடிய நாலு மணிக்கே எழும்பி வேறு வேலையில் நிற்பார்கள். இந்த கெஸ்டுக்கு நீந்தத் தெரியாது, அந்த அம்மாவுக்கு முழங்கால் ஏலாது என்பதெல்லாம் வட்ஸ்அப் வொய்ஸாகத்தான் போகிறது, நீல டிக் விழுந்தால் கேட்டுவிட்டார் என்று வைத்துக்கொள்கிறோம். கேட்டாரா, இயந்திரச் சத்தத்தில் பாதி போய்விட்டதா, யாருக்குத் தெரியும்? இந்தச் சீசனுக்கு, கரையில் ஆள் ஏறுவதற்கு முன் படகுக்காரர் ஒருமுறை வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம் என்றிருக்கிறோம். படகுச் சங்கத்துக்காரரோடு கதைக்க வேண்டும். நிலாவெளிப் பக்கம் இதைச் செய்து பார்த்தவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள், உண்மையாகவே தேவைப்படுகிறது.